ஆந்தையின் இடது கண்

காலை 8.10.

காக்கா பூட்டைத் திறந்தாள், கதவைத் தள்ளினாள், வழக்கம்போல ஆந்தைக்கு ஒரு குட்மார்னிங் சொன்னாள். ஆந்தை ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கிளம்பும்போது அதற்கு இரண்டு கண்ணும் இருந்தன.

இப்போது இடது கண் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டப் பள்ளம். மூக்காக வைத்த பித்தளைக் குழாயைக் காணோம். காதாக நின்ற இரண்டு கதவுக் கைப்பிடிகளைக் காணோம். கழுத்தில் சுற்றிய செம்புக் கம்பியையும் காணோம். எட்டடி உயர ஆந்தை, தாடைக்கு அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்க, கட்டையின் மேல் நாலாக மடித்த ஒரு பழைய துணி இருக்க, பல் பிடுங்க வந்தவரைப் போலப் பரிதாபமாக நின்றது.

காக்கா கத்தவில்லை. காலி பெயின்ட் டிரம் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஐயோ, உன்னை யாருடா இப்படிப் பண்ணது?" என்று ஆந்தையைத்தான் கேட்டாள்.

காக்கா என்பது ஊர் வைத்த பெயர். பளபளவென்று எது கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஓட்டை ஸ்பூன், உடைந்த கடிகாரம், துருப்பிடித்த கத்தரி, யாரோ வீசிய குடைக்கம்பி, எல்லாம் அவளுக்கு வேண்டும். அவற்றை வைத்துப் பறவை செய்வாள். அவள் செய்த கொக்கு ஒன்று பஸ் நிலையத்தில் நிற்கிறது. நாரை ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவரவர் வீட்டு உடைசல் எந்த இறக்கையில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள்.

இந்த ஆந்தை மட்டும் வேறு கணக்கு. இது அவள் புருஷனுக்காக. அவர் ஊர் லைப்ரரியில் நூலகராக இருந்தவர். ராத்திரியெல்லாம் விழித்துப் படிக்கிற மனிதர் என்பதால் அவளே செல்லமாக வைத்த பெயர்தான் ஆந்தை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. புது லைப்ரரிக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் அவர் நினைவாக இதை நிறுத்தப் போகிறார்கள். இன்று மாலை நாலு மணிக்கு லாரி வரும். நாளைக் காலை திறப்பு விழா.

"ஆந்தையை வெச்சு யாராவது கட்டடம் திறப்பாங்களா?" என்று கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தபோது அவள் சொன்ன பதில் ஒன்றுதான். "அவரை வெச்சு இருபது வருஷம் லைப்ரரியே நடத்தினீங்களே."

காலை 8.50.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்பார். நாலு உடைசல் காணாமல் போனதற்கு இன்ஸ்பெக்டரே நேரில் வருவாரா என்றால், வர மாட்டார். இந்தப் பெண்ணுக்காக வந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது இரண்டு வருடம் முன்பு அவர் கைக்கு வந்த ஒரு ஃபைல்.

அந்தக் கூடம் ஒரு காலத்தில் ஐஸ் ஃபேக்டரி. காக்காவோடு அதைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பவர் டயர். பழைய டயரை அறுத்து யானை செய்கிற மனுஷன். ஆறு வருடமாகக் காக்காவோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே டீயும் பகிர்ந்துகொள்கிறவர். போலீசுக்கு போன் செய்தது அவர்தான். காக்கா போன் செய்தது அவள் அண்ணனுக்கு. அண்ணன் மெக்கானிக். பத்தாவது நிமிஷம் சைக்கிளில் வந்து நின்றிருந்தார்.

"போலீஸ் எதுக்குப்பா?" என்று அவர் டயரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், என் தங்கச்சி ஏற்கெனவே நொந்து போயிருக்கு. நான் வேற கண்ணு வெச்சுத் தரேன். மூணு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

"ஏன்?" என்றார் இன்ஸ்பெக்டர், வாசலிலிருந்தே.

மெக்கானிக் திரும்பினார். "லாரி வருது மேடம். அதுக்குள்ள பொம்மை ரெடியாகணும், அவ்வளவுதான்." சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாமான் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஆந்தையைச் சுற்றி வந்தார். இறகெல்லாம் ஸ்பூன், அறுநூறுக்கு மேல் இருக்கும். நகமெல்லாம் செடி வெட்டும் கத்தரி. வலது கண் ஏதோ ஒரு சுவர்க் கடிகாரத்தின் முகம். மேஜைமேல் இரண்டு கிலோ தேறுகிற செம்புச் சுருள் ஒன்று தொடப்படாமல் கிடந்தது.

"பூட்டு?"

"உடைக்கல," என்றாள் காக்கா. "சாவி மீட்டர் பாக்ஸ் பின்னாடி இருக்கும். இருந்துச்சு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, டயருக்கு, அண்ணனுக்கு. தராசுக்கும் தெரியும். பழைய இரும்புக் கடை வெச்சிருக்காரே, அவரு."

"போட்டோ இருக்கா? கண்ணு எப்படி இருந்துச்சுன்னு பார்க்க."

"முடிக்காத வேலையை நான் போட்டோ எடுக்கறதில்ல மேடம். உடைஞ்ச கண்ணாடித் துண்டுங்களை ஒட்டிச் செஞ்ச கண்ணு. முகத்தைத் துணி போட்டு மூடித்தான் வெச்சிருந்தேன். நேத்து அஞ்சு மணிக்குத்தான் முதல் தடவையா திறந்தேன். அண்ணனும் டயரும் பார்த்தாங்க."

"தாடைக்குக் கீழ கட்டை?"

"அதுவா? டயர் வெச்சிருப்பாரு," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

காலை 9.30.

டயரை யானைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அஞ்சே முக்கால்."

"லைப்ரரிக்கு உங்க யானையையும் கேட்டாங்களாமே?"

"பார்த்தாங்க. ஆந்தையை எடுத்துக்கிட்டாங்க."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு மேடம். பொய் சொல்ல மாட்டேன்." டயர் தலையைச் சொறிந்தார். "ஆனா திருடல. அதாவது இதைத் திருடல. நாலு மாசம் முன்னாடி அவங்க ஸ்பூன் ரெண்டை எடுத்து யானைக்கு நகமா வெச்சேன். அவங்க எண்ணிப் பார்த்துட்டு, எங்கயோ தொலைச்சிட்டேன்னு நாள் பூரா தேடினாங்க. நான் கூடச் சேர்ந்து தேடினேன். அந்தப் பாவம் என்னை விட மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் யானையின் காலைப் பார்த்தார். இரண்டு நகம் பளபளத்தன.

"நேத்து முகத்தைத் திறந்து காட்டினப்போ," டயர் குரலை இறக்கினார், "லாரி வராமப் போகணும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். காலையில பார்த்தா இப்படி. நான் நினைச்சதாலதான் ஆச்சோன்னு இருக்கு. என்னைப் பிடிச்சுட்டுப் போனாக்கூடப் பரவாயில்ல."

"நினைச்சதுக்கு செக்ஷன் கிடையாது. அந்தக் கட்டையை ஏன் வெச்சீங்க?"

"எந்தக் கட்டை? ஆந்தை கீழ இருக்கறதா? அவங்க வெச்சதுதானே!"

காலை 10.15.

கூப்பிட ஆள் அனுப்புமுன் தராசு தானே வந்து நின்றார். அறுபது வயது, தொப்பை, கையில் எதைக் கொடுத்தாலும் தூக்கிப் பார்த்து எடை சொல்கிற பழக்கம். வந்ததும் வராததுமாக ஒரு குண்டைப் போட்டார்.

"மேடம், அந்த மூக்குக் குழாய் பித்தளையே இல்ல."

"ஏன்?"

"மேல பூச்சு. உள்ள ஈயம் துத்தநாகம் எல்லாம் கலந்த கலவை. பித்தளைன்னு சொல்லித்தான் அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்தேன். புருஷனுக்காகச் செய்யுதுன்னு அப்போ தெரியாது. தெரிஞ்சதுலேருந்து சோறு இறங்கல."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கேட்காத குற்றத்தை ஒத்துக்கொள்ள வரிசையாக வருகிறார்கள்.

"பழைய உலோகம் திருடறவங்களை உங்களுக்குத் தெரியும். இதைப் பார்த்தா என்ன தோணுது?"

தராசு ஆந்தையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், சிரித்தே விட்டார். "இவன் என்ன திருடன் மேடம்? ரெண்டு கிலோ சொக்கச் செம்பு மேஜைமேல கிடக்கு. அதை விட்டுட்டுக் கழுத்துல ஒட்டியிருக்கறதைப் பிச்சிருக்கான். அது முந்நூறு கிராம்கூட இருக்காது. அதுவாவது பரவாயில்ல. கண்ணாடியை எதுக்கு எடுத்தான்? உடைஞ்ச கண்ணாடியை சும்மா கொடுத்தாக்கூட நான் வாங்க மாட்டேன். எவனும் வாங்க மாட்டான்."

"மூக்கு எப்படி மாட்டியிருந்துச்சு?"

பதில் சொன்னது காக்கா. "மூக்குக்குள்ள ஒரு பெரிய போல்ட் போகுது. அதுதான் தலையைக் கழுத்தோட பிடிச்சிருக்கு. தலை நாப்பது கிலோ. அண்ணன்தான் முடுக்கிக் கொடுத்தாரு. மூக்கைத் தொடாத, தொட்டா தலை முன்னாடி வந்துடும்னு என்னையும் டயரையும் மிரட்டி வெச்சிருந்தாரு."

இன்ஸ்பெக்டர் ஆந்தையின் கண் பள்ளத்துக்குள் விரலை விட்டார். அடியில் பசை கல்லாக இறுகியிருந்தது. மெல்லிய கத்தி ஏதோ சுற்றிலும் ஓடியிருந்தது. பசையில் கண்ணாடித் துண்டுகளின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. விரலுக்கு அடியில் வரிவரியாக உணர்ந்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வரி இல்லை, வழவழவென்றிருந்தது.

"இந்தப் பசை காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நாள். முந்தாநாள்தான் ஒட்டினேன். நேத்து ரப்பர் மாதிரி இருந்திருக்கும். இன்னைக்குன்னா வந்திருக்காது."

காலை 11.00.

காக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் எந்தப் பொருள் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "எங்க கிடைச்சுது?" அதை ஒரு தடித்த நோட்டில் எழுதி வைப்பாள். என்ன பொருள், எங்கே கிடைத்தது, யாருடையது என்று மூன்று கட்டம். யாருடையது என்ற கட்டத்தில் முக்கால்வாசி 'தெரியாது' என்றுதான் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார்.

ஸ்பூன் 614. காலேஜ் கேன்டீன். மாணவர்கள்.

கதவுக் கைப்பிடி 2. பழைய லைப்ரரி. அவர்.

கடிகாரம் 1. ரயில் நிலையம், குப்பைத் தொட்டி. தெரியாது.

பிஸ்கட் டப்பா, கண்ணாடித் துண்டு 11. அண்ணா ஷெட், மேல் அலமாரி. எந்த வண்டியோ, தெரியாது.

சைக்கிள் செயின் 9. அண்ணா ஷெட். தெரியாது.

குழாய் 1. தராசு கடை. தெரியாது.

"அண்ணன் ஷெட்லேருந்து நிறைய எடுத்திருக்கீங்க."

"அங்க எதை எடுத்தாலும் நான் கேக்கறது கிடையாது. அவரு இல்லாதப்போ போய் அள்ளிட்டு வந்துடுவேன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். உடனே அந்தச் சிரிப்பு போய்விட்டது. "இப்படிப் பொறுக்கற புத்தியாலதான் மேடம் அவரைத் தொலைச்சேன்."

இன்ஸ்பெக்டர் தலை நிமிரவில்லை. அந்தக் கதை அவருக்குத் தெரியும். அவரே எழுதிய ஃபைல்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மழைச் சாயங்காலம். பழைய லைப்ரரியில் ஜன்னல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். உடைந்த ஜன்னல் கண்ணாடியை ஒரு சாக்கில் போட்டு எடுத்துவரச் சொல்லி காக்கா புருஷனுக்கு போன் செய்தாள். சாக்கோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று, காரில் போய்க் கூட்டிவரும்படி அண்ணனிடமும் சொன்னாள். அண்ணன் வரத் தாமதமாயிற்று. நூலகர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய் ரோட்டில் நடந்தார். ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. பிறகு வந்த அண்ணன்தான் அவரைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மடியில் போட்டுக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே நூலகரின் உயிர் போயிற்று.

ரோடு முழுக்கக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி எது, வண்டிக் கண்ணாடி எது என்று பிரிக்க அன்று பொறுமை இல்லை. வரிவரியாக இருந்த ஒரே ஒரு துண்டை மட்டும் இன்ஸ்பெக்டர் எடுத்துக் கவரில் போட்டார். ஆறு மாதம் கழித்து 'தெரியாத வாகனம்' என்று எழுதி மூடினார்.

"நான் சாக்கு கேக்காம இருந்திருந்தா அவரு சாதாரணமா பஸ்ல வந்திருப்பாரு," என்றாள் காக்கா. "நான்தான் மேடம் கொன்னேன்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

பகல் 12.30.

மெக்கானிக்கின் ஷெட். ஒரு வேன் ஜாக்கியில் தூக்கி நின்றது. ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் நாலாக மடித்த துணி. மெக்கானிக் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார்.

"ஜாக்கி இருக்கே, கட்டை ஏன்?"

"ஜாக்கியை நம்பவே கூடாது மேடம். எதைக் கழட்டினாலும் முதல்ல முட்டுக் கொடுத்துடணும். கீழ ஆள் இருக்குல்ல?"

"துணி?"

"பெயின்ட் கீறாம இருக்க." கையைத் துடைத்தார். "ஏதாவது தெரிஞ்சுதா?"

"நேத்து நீங்களும் ஆந்தையைப் பார்த்தீங்களே. கண்ணு எதுல செஞ்சிருந்தாங்க?"

"கவனிக்கல மேடம். கால் போல்ட்டை முடுக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

ஷெட் மூலையில் தார்பாய் போர்த்திய கார் ஒன்று நின்றது. இன்ஸ்பெக்டர் தார்பாயின் ஓரத்தைத் தூக்கினார். நாலு டயரிலும் காற்றில்லை. முன்னால் இரண்டு விளக்கு. வலது விளக்கின் கண்ணாடி பழசு. மங்கி, வரிவரியாக இருந்தது. இடது விளக்கு புத்தம் புதுசு.

"உங்க காரா?"

"ஆமா."

"ஓட்டறதில்லையா?"

"ரெண்டு வருஷமா எடுக்கல. வைப்பர் சரியில்ல." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஊருக்கெல்லாம் வைப்பர் மாத்தறேன், என் வண்டிக்கு மாத்த நேரம் வரல."

இன்ஸ்பெக்டர் தார்பாயை மெதுவாக இறக்கினார். 'ஏன்' என்று கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்காமல் விட்ட இடம் இரண்டுதான். ஒன்று இது. இன்னொன்று இரண்டு வருடம் முன்பு, கால்வாய் ரோட்டில்.

"மூணு மணிக்கு ஆந்தைகிட்ட வந்துடுங்க," என்றார். "சாமானோட."

பகல் 1.15.

ஸ்டேஷன் ரெக்கார்ட் அறையில் அந்தக் கவர் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. தூசி தட்டிப் பிரித்தார். கட்டைவிரல் அளவு, தடித்த கண்ணாடி, குறுக்கே நாலு வரி. இன்ஸ்பெக்டர் மத்தியானம் சாப்பிடவில்லை.

பகல் 3.00.

எல்லோரும் ஆந்தையைச் சுற்றி நின்றார்கள். டயர், தராசு, காக்கா. மெக்கானிக் கையில் ஒரு கடிகார முகத்தோடும் ஸ்பேனர் பையோடும் வந்திருந்தார்.

"திருடன் நாலு சாமான் எடுத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "மூணு நம்ம கண்ணைக் கட்ட. அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யாருமே வாங்காத உடைஞ்ச கண்ணாடி."

"அதைத்தானே நானும் சொன்னேன்," என்றார் தராசு.

"சொன்னீங்க. ஆனா நாம எல்லாரும் எது போச்சுன்னே பார்த்துட்டிருந்தோம். எது புதுசா வந்துச்சுன்னு பார்க்கல." அவர் காக்கா பக்கம் திரும்பி, ஆந்தையின் தாடைக்குக் கீழே கையைக் காட்டினார். "இந்தக் கட்டை. டயர் வெச்சிருப்பாருன்னு நீங்க சொன்னீங்க. நீங்க வெச்சிருப்பீங்கன்னு டயர் சொன்னாரு. ரெண்டு பேரும் வைக்கல. திருடன் வெச்சான்."

"திருடனா?" என்றார் டயர். "அவனுக்கு என்ன தலைவிதி?"

"மூக்குப் போல்ட்டைக் கழட்டினா நாப்பது கிலோ தலை சாயும். காலையில கதவைத் திறந்து முதல்ல வர்றது யாரு, நேரா எங்க வந்து நிப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும். அவங்க தலையில இது விழக் கூடாது. அதனால முட்டுக் கொடுத்தான். கீறக் கூடாதுன்னு துணியை நாலா மடிச்சு வெச்சான். திருடும்போதுகூட உங்க மேல அவ்வளவு அக்கறை இருக்கற ஆள் ஒருத்தர்தான் இருக்காரும்மா."

காக்கா திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் கடிகார முகத்தைத் தரையில் வைத்தார்.

"நான்தான் பாப்பா," என்றார்.

"நீயா? ஏன்ணா?" அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "வேணும்னா கேட்டிருக்கலாமே. என்னைக்கு உனக்கு இல்லைன்னு சொல்லியிருக்கேன்?"

இன்ஸ்பெக்டர் கேட்டார். "டப்பாவுல எத்தனை துண்டு இருந்துச்சும்மா?"

"பதினொண்ணு. அடுக்கிப் பார்த்தா அழகா ஒரு வட்டம் வந்துச்சு மேடம். ஒரே ஒரு துண்டு மட்டும் குறைஞ்சுது. பச்சை பாட்டில் அடியைத் தேய்ச்சு அளவா வெட்டி அந்த ஓட்டையை அடைச்சேன்."

இன்ஸ்பெக்டர் கவரைப் பிரித்தார். அந்தத் துண்டை எடுத்து, கண் பள்ளத்தில் வழவழவென்றிருந்த அச்சில் வைத்தார். சுற்றியும் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தி உட்கார்ந்தது. பக்கத்து அச்சின் வரி அதன்மேல் ஏறித் தொடர்ந்து ஓடியது.

காக்கா அதையே பார்த்தாள். பிறகு, வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வியைப் பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"எங்க கிடைச்சுது மேடம்?"

"கால்வாய் ரோடு," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு வருஷம் முன்னாடி. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல."

டயர் மெதுவாகத் தன் யானைமேல் சாய்ந்துகொண்டார்.

"லேட்டாயிடுச்சுன்னு வேகமா வந்தேன்," என்றார் மெக்கானிக். தரையில் உட்கார்ந்துவிட்டார். "மழை கொட்டுது. வைப்பர் ஓடல. மாப்பிள்ளை லைப்ரரி வாசல்ல நிப்பாருன்னு நினைச்சேன். எதிர்ல நடந்து வருவாருன்னு நினைக்கல. டமார்னு சத்தம். இறங்கிப் பார்த்தா சாக்கு, கண்ணாடி, அவரு. உயிர் இருந்துச்சு பாப்பா. என்னைப் பார்த்து, 'வந்துட்டீங்களா'ன்னாரு. வேற எதுவும் சொல்லல."

"ஆம்புலன்ஸ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்த நிமிஷமே கூப்பிட்டேன். சத்தியமா ஒரு நிமிஷம்கூடத் தள்ளல. வண்டியைத் திருப்பி விளக்கு தெரியாம நிறுத்தினேன். அதுதான் பண்ணேன். விளக்குல மீதி நின்ன கண்ணாடியை அப்புறம் ஷெட்ல கழட்டி டப்பாவுல போட்டேன். எல்லாரும் வந்து, நல்லவேளை நீங்க பார்த்தீங்கன்னாங்க. நீகூடக் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீயாவது பக்கத்துல இருந்தியேன்னு அழுதே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"டப்பாவை ஏன் தூக்கிப் போடல?" இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை கேட்டுவிட்டார்.

மெக்கானிக் தங்கையைப் பார்த்தார். "எங்க போடறது மேடம்? இந்த ஊர்ல எவன் எதைத் தூக்கிப் போட்டாலும் இவ கைக்குத்தான் வருது. மூணு தடவை எடுத்துட்டுப் போனேன். கால்வாயில போட்டா, தூர் வாரறப்போ எடுத்துட்டு வருவா. குப்பையில போட்டா அன்னைக்கே வந்துடும். அதான் என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு அலமாரி மேல வெச்சேன். அங்கேயும் வந்து எடுத்துட்டா."

"நேத்து முகத்தைத் திறந்தப்போ அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரியாம இருக்குமா? தினமும் திறந்து பார்த்த துண்டு." அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "மாட்டிப்பேன்னு எடுக்கல மேடம். அவரை அடிச்ச விளக்கு அவரோட லைப்ரரியில நின்னு வர்றவங்களையெல்லாம் பார்த்துட்டிருக்கணுமா? அதைத் தாங்க முடியல."

காக்கா அவர் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. அடிக்கப் போகிறாள் என்றுதான் தராசு நினைத்தார்.

"ரெண்டு வருஷமா நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டிருந்தேன்," என்றாள். "உன் தோள்லதான் சாய்ஞ்சு சொன்னேன். சாக்கு கேட்டிருக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீ தலையைத் தடவிக் கொடுத்தே. இல்ல பாப்பான்னே. வேற ஒண்ணும் சொல்லல. நீ அடிச்சதைக்கூட நான் மன்னிச்சிடுவேண்ணா. மழை, இருட்டு, யாருக்கும் ஆகும். நான் அதைச் சுமந்துட்டு நின்னப்போ பார்த்துட்டு இருந்தியே, அதை எப்படி மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியல."



மாலை 4.00.

லாரி ஹாரன் அடித்தது.

"நீ கழட்டினது," என்றாள் காக்கா. "நீயே மாட்டு."

மெக்கானிக் எழுந்தார். சைக்கிள் கூடையிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். மூக்கு, காது, கம்பி, எல்லாம் தனித்தனியாகத் துணியில் சுற்றி இருந்தன. போல்ட்டை நுழைத்து முடுக்கினார். ஒரு தடவை ஸ்பேனர் நழுவி விழுந்தது. டயர் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் மெக்கானிக் தாடைக்கு அடியிலிருந்த கட்டையை உருவினார். தலை அசையாமல் நின்றது.

பையின் அடியில் பிஸ்கட் டப்பா இருந்தது, உள்ளே அந்தக் கண்ணாடித் துண்டுகள். அதை அவரே இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு உங்க அண்ணன் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்திருந்தா, நானே பார்த்திருப்பேன்," என்றார் இன்ஸ்பெக்டர் காக்காவிடம். "கூப்பிட்டுச் சொன்ன ஆளைச் சந்தேகப்படத் தோணல. இவ்வளவு நாள் நீங்க சுமந்ததுல என் பங்கும் இருக்கு. அதையும் எழுதிக் கொடுக்கத்தான் போறேன்."

காக்கா தலையாட்டினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஜீப்பில் ஏறும்போது மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். "லாரிக்காரனை மெதுவாப் போகச் சொல்லு பாப்பா. போல்ட் இப்பதான் மாட்டினது." அவள் சரி என்றாள்.

லாரிக்காரர் ஆந்தையை அண்ணாந்து பார்த்தார். "ஒரு கண்ணு இல்லையேம்மா? இப்படியே ஏத்தறதா?"

"இப்படியே ஏத்துங்க."

லாரி போனதும் அவள் உள்ளே வந்து நோட்டைத் திறந்தாள். கண்ணாடித் துண்டு 11 என்பதை அடித்து 12 என்று எழுதினாள். 'அண்ணா ஷெட், மேல் அலமாரி' என்பதை அடித்து 'கால்வாய் ரோடு' என்று எழுதினாள். மூன்றாவது கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினாள். 'எந்த வண்டியோ, தெரியாது' என்பதையும் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அண்ணா' என்று எழுதினாள்.